டேபைப் பெரிய திரையில் இணைக்க எது வேண்டும்? அடாப்டரா, ஹப்பா, வயர்லெஸ்ஸா?

"எல்லா டேபுக்கும் செட் ஆகும் சார், கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்று சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ஒருவர் சொன்னார். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்துவந்தேன். டேபின் ஒற்றை ஓட்டையை எட்டு போர்ட்டாகப் பிரித்துத் தரும் ஹப், 2,200 ரூபாய்.

வாங்கியது அக்காவுக்காக. நங்கநல்லூர் வீட்டு ஹாலில் அவள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். டேபில் பேனாவால் போடும் கணக்கு டிவியில் தெரிந்தால் பன்னிரண்டு பிள்ளைகளும் எட்டி எட்டிப் பார்க்க வேண்டியதில்லை என்பது அவள் கணக்கு. ஹப்பைச் செருகினோம். பென்டிரைவ் திறந்தது, மவுஸ் ஓடியது. டிவியில் மட்டும் "சிக்னல் இல்லை". எச்டிஎம்ஐ கேபிளை மாற்றினோம். செட்டாப் பாக்ஸைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் செருகிப் பார்த்தோம். அரை மணி நேரம் போனது. "கம்ப்யூட்டர்காரன்னு பேரு மட்டும் இருக்கு" என்று சொல்லிவிட்டு அக்கா காபி போடப் போய்விட்டாள்.

அதே ஹப்பை என் ஐபேடில் செருகினேன். உடனே படம் வந்தது.

ஹப்பில் கோளாறு இல்லை, டேபிலும் இல்லை. அக்காவிடம் இருப்பது சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்6 லைட். அதன் டைப்-சி போர்ட் சார்ஜ் ஏற்றும், பைல் அனுப்பும். படம் வெளியே அனுப்பும் வசதி அதில் கிடையாது. டேபின் விவரப் பட்டியலைப் படித்திருந்தால் எனக்கு முன்பே தெரிந்திருக்கும்.

எந்த ஹப் நல்லது என்று தேடுவதற்கு முன் இந்த ஒரு விஷயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். டைப்-சி என்பது ஓட்டையின் வடிவம் மட்டும்தான். உள்ளே என்ன ஓடுகிறது என்பது டேபுக்கு டேப் மாறும். சி போர்ட் வழியாகப் படம் வர, டேபின் கிராபிக்ஸ் சிப்பிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் சிக்னல் அந்த ஓட்டை வரைக்கும் வந்திருக்க வேண்டும். இதற்கு டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்று பெயர். ஹப் செய்வதெல்லாம் அந்தச் சிக்னலை எச்டிஎம்ஐயாக மாற்றித் தருவதுதான். கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது மோட்டாரை மாற்றிப் பயனில்லை.

எந்த டேபில் வரும்? சாம்சங்கின் விலை உயர்ந்த எஸ் வரிசையில் எஸ்8, எஸ்9 போன்றவற்றில் வரும். வெறும் படம் மட்டுமில்லை, டெக்ஸ் என்கிற கம்ப்யூட்டர் மாதிரியான திரையும் மானிட்டரில் தனியாகத் திறக்கும். ஏ வரிசையிலும் எஸ்6 லைட்டிலும் ஒயர் வழியாக வராது. ஐபேடில் 2018 ப்ரோ மாடல்தான் முதன்முதலில் டைப்-சிக்கு மாறியது. அதன் பிறகு வந்த சி போர்ட் ஐபேடுகள் எல்லாமே படம் அனுப்பும். ஆனால் எப்படி அனுப்பும் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. எம்1 சிப்பும் அதற்குப் பிறகு வந்த எம் வரிசைச் சிப்புகளும் உள்ள ஏர், ப்ரோ மாடல்களில் மானிட்டர் இரண்டாவது திரையாகவே இயங்கும். டேபில் ஒரு வேலை, மானிட்டரில் வேறொரு வேலை என்று பிரித்துக்கொள்ளலாம். 2022இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடிலும் ஐபேட் மினி 6இலும் டேபில் தெரிவதுதான் மானிட்டரிலும் தெரியும். அதுவும் ஐபேடின் திரை கிட்டத்தட்ட நான்குக்கு மூன்று என்ற அளவில் சதுரத்தை ஒட்டியது என்பதால், அகலமான மானிட்டரில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். அந்த ஐபேடுக்காக 27 இன்ச் மானிட்டர் வாங்கினால் நடுப்பகுதிக்கு மட்டும்தான் காசு கொடுத்த பலன்.

இதில் ஒரு வேடிக்கை. விவரப் பட்டியலில் "யூஎஸ்பி 2.0" என்று இருந்தால் படம் வராது என்று பலர் சொல்வார்கள். ஆண்ட்ராய்டு டேபுகளில் இது பெரும்பாலும் சரி. ஆனால் பத்தாம் தலைமுறை ஐபேடில் பைல் வேகம் யூஎஸ்பி 2.0 அளவுதான், அதாவது நொடிக்கு 480 மெகாபிட். படமோ 4கே வரைக்கும் போகும். யூஎஸ்பி 2.0 டேட்டா ஓடும் கம்பிகளும் படம் ஓடும் கம்பிகளும் வேறு வேறு என்பதே காரணம். ஆகவே, யூஎஸ்பி எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். "டிஸ்ப்ளேபோர்ட்" என்ற சொல் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, உங்கள் டேபில் படம் வரும் என்றே வைத்துக்கொள்வோம். இனி என்ன வாங்குவது?

ஒரு பக்கம் சி, மறு பக்கம் எச்டிஎம்ஐ என்று இருக்கும் ஒற்றை அடாப்டர்தான் எல்லாவற்றிலும் மலிவு. மாதம் ஒருமுறை அபார்ட்மெண்ட் சங்கக் கூட்டத்தில் கணக்கு காட்ட, ஊருக்குப் போனால் மாமனார் வீட்டு டிவியில் கல்யாண போட்டோ காட்ட இது போதும். ஆனால் பெரும்பாலான டேபுகளில் ஒரே ஓட்டைதான் இருக்கிறது. அடாப்டர் அதை அடைத்துக்கொண்டால் சார்ஜ் ஏற்ற வழியில்லை. மூன்று மணி நேர வகுப்பு எடுப்பவருக்கு இது சரிவராது.

அடுத்தது நடுத்தர ஹப். எச்டிஎம்ஐ ஒன்று, சாதாரண யூஎஸ்பி இரண்டு மூன்று, மெமரி கார்டுக்கு ஓட்டை, சார்ஜரைச் செருக ஒரு சி போர்ட். முக்கால்வாசிப் பேருக்கு நான் சொல்வது இதைத்தான். கடையில் பார்க்க வேண்டியது போர்ட்டுகளின் எண்ணிக்கையை அல்ல, அந்த சார்ஜர் போர்ட்டை. பிடி (பவர் டெலிவரி) என்று எழுதி 60 வாட், 100 வாட் என்று போட்டிருப்பார்கள். அது அந்த வழியே போகக்கூடிய அதிகபட்ச மின்சாரம், டேபுக்குக் கிடைக்கும் அளவு அல்ல. ஹப் தனக்கென்று ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் கொடுக்கும். ஐபேட் பெட்டியோடு வந்த 20 வாட் சார்ஜரைச் செருகிவிட்டு, "சார்ஜ் ஏறவே மாட்டேங்குதே" என்று கேட்பவர்கள் நிறைய. 45 அல்லது 65 வாட் சார்ஜர் வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி இல்லை. பெரிய சார்ஜர் டேபைக் கெடுத்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். டேப் கேட்கிற அளவுதான் போகும்.

ஒரு எச்சரிக்கை. ஹப்பில் சார்ஜரைச் செருகும் நொடியிலும் பிடுங்கும் நொடியிலும் பல ஹப்கள் ஒரு கணம் எல்லாத் தொடர்பையும் அறுத்து மறுபடி இணைக்கும். மானிட்டர் கண்ணடித்தால் பரவாயில்லை. பென்டிரைவில் பைல் ஏறிக்கொண்டிருந்தால் அது பாழ். அதனால் முதலில் சார்ஜர், அப்புறம் மற்றவை. நம் ஊரில் கரண்ட் போனாலும் இதே கதைதான். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் பகல் 2 மணிக்குத்தான் வரும், அந்த நாளாவது முன்பே தெரியும். சொல்லாமல் போகும் நாளுக்காகத்தான் சொல்கிறேன், முக்கியமான பைலை ஹார்ட் டிஸ்க்கில் நேரடியாகத் திறந்து வேலை செய்யாதீர்கள். டேபுக்கு நகல் எடுத்துக்கொண்டு செய்யுங்கள்.

இனி "4கே". டப்பாவில் 4கே என்பது பெரிய எழுத்தில் இருக்கும், பக்கத்தில் 30 ஹெர்ட்ஸ் என்பது எறும்பு சைஸில் இருக்கும். நொடிக்கு 30 முறை மட்டுமே திரை புதுப்பிக்கப்பட்டால், மவுஸ் அம்பு உங்கள் கைக்குப் பின்னால் இழுபட்டு வரும். பக்கத்தை உருட்டினால் குதித்துக் குதித்து நகரும். சினிமா பார்க்க மட்டும் என்றால் பிரச்சினை இல்லை. சினிமாவே நொடிக்கு 24 பிரேம்தான். எழுத்து வேலை செய்பவருக்கு ஒரு மணி நேரத்தில் கண் எரியும்.

ஏன் 30? சி கேபிளுக்குள் வேகமான டேட்டாவுக்கு நான்கு பாதைகள் உண்டு. ஹப்பில் படமும் போக வேண்டும், யூஎஸ்பி 3 வேகமும் வேண்டும் என்றால் இரண்டு பாதை படத்துக்கு, இரண்டு பாதை டேட்டாவுக்கு என்று பங்கு பிரியும். பழைய டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தரத்தில் ஒரு பாதைக்கு 5.4 ஜிகாபிட் என்பதால், இரண்டு பாதையில் 4கே படம் 30 ஹெர்ட்ஸில்தான் அடங்கும். 1.4 தரத்தில் பாதைக்கு 8.1 ஜிகாபிட் வரைக்கும் போகும், அதனால் அதே இரண்டு பாதையில் 60 வந்துவிடும். அதற்கு டேபும் ஹப்பும் இரண்டுமே 1.4ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் நான்கு பாதையையும் படத்துக்குக் கொடுத்துவிட்டு, பென்டிரைவை யூஎஸ்பி 2.0 வேகத்துக்கு இறக்கும் ஹப்களும் இருக்கின்றன. போட்டோகிராபருக்கு அது பிடிக்காது, என்னைப் போல மெய்ப்பு பார்ப்பவனுக்கு அதுவே லாபம்.

ஆனால் இவ்வளவு யோசிக்க வேண்டிய அவசியம் யாருக்கு? மேசையில் 24 இன்ச் முழு எச்டி மானிட்டர் வைத்திருப்பவருக்கு இல்லவே இல்லை. 1080 அளவில் 60 ஹெர்ட்ஸ் என்பது சாதாரண ஹப்பிலேயே வந்துவிடும். 4கே மானிட்டர் உண்மையிலேயே இருந்தால் மட்டும் கூடுதல் காசு கொடுங்கள்.

துணைக்கருவிகள் பக்கம் வருவோம். கீபோர்டு, மவுஸ், மைக் எல்லாம் பெரும்பாலும் செருகியதும் வேலை செய்யும். வெப்கேம் ஐபேடில் ஐபேட்ஓஎஸ் 17இலிருந்து, அதாவது 2023இலிருந்து, சி போர்ட் மாடல்களில் வேலை செய்கிறது. புத்தகத்தை மேலிருந்து காட்டிப் பாடம் நடத்துபவர்களுக்கு இது பெரிய வரம். பென்டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் பார்மேட் செய்துகொண்டால் ஐபேட், சாம்சங், விண்டோஸ் எல்லாவற்றிலும் படிக்கும். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை வீடியோ பைல் ஏறாது. சுழலும் தட்டு உள்ள பழைய ஹார்ட் டிஸ்க்கை சார்ஜர் இல்லாமல் ஹப்பில் செருகினால், ஐபேடில் "இந்தக் கருவிக்கு அதிக மின்சாரம் வேண்டும்" என்ற அறிவிப்பு வரலாம். சார்ஜரைக் கொடுத்தால் ஓடும். பிரிண்டரை ஹப்பில் மாட்டி ஐபேடிலிருந்து பிரிண்ட் எடுக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள், வைஃபை பிரிண்டர்தான் வழி.

எச்டிஎம்ஐ செருகியதும் சத்தமும் மானிட்டருக்குப் போய்விடும். ஸ்பீக்கர் இல்லாத மானிட்டர் என்றால் ஊமைப்படம். ஹப்பில் 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் ஓட்டை இருந்தால் அப்போது கைகொடுக்கும்.

வயர்லெஸ் மவுஸின் குட்டி டாங்கிளை ஹப்பில் யூஎஸ்பி 3 பென்டிரைவுக்குப் பக்கத்தில் செருகினால் மவுஸ் தடுக்கி விழும். மவுஸைக் குற்றம் சொல்லாதீர்கள். யூஎஸ்பி 3 ஓடும்போது கிளம்பும் ரேடியோ இரைச்சல், அந்த டாங்கிள் பேசும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே விழுகிறது. 2012இல் இன்டெல் நிறுவனமே இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. டாங்கிளை ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் போட்டு அரை அடி தள்ளி வைத்தால் தீர்ந்தது.

ஹப்பின் உருவமும் முக்கியம். கேபிள் இல்லாமல் டேபின் பக்கவாட்டில் நேராகக் கவ்விக்கொள்ளும் ஹப் பார்க்க அழகு. டேபுக்கு உறை போட்டிருந்தால் முழுதாக உள்ளே போகாது, மடியில் வைத்து வேலை செய்தால் ஹப்பின் கனம் முழுவதும் அந்த ஒற்றை ஓட்டையில் தொங்கும். ஓட்டை ஆடிப்போனால் சார்ஜும் போச்சு, படமும் போச்சு. ஒரு சாண் கேபிள் உள்ளதே டேபுக்கு ஏற்றது. உலோக உடம்பு உள்ள ஹப் சுடத்தான் செய்யும், விசிறி இல்லாததால் அந்த உடம்புதான் சூட்டை வெளியேற்றுகிறது. கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறையில் தொட்டால் கையை எடுத்துவிடுவீர்கள். மெத்தை மேலேயோ டேபின் அடியிலேயோ மட்டும் வைக்காதீர்கள்.

தனி கரண்ட் அடாப்டரோடு மேசையில் நிரந்தரமாக உட்காரும் பெரிய டாக், தண்டர்போல்ட் டாக் என்பதெல்லாம் லேப்டாப்புக்கானவை. ஐபேட் ப்ரோவில் 2021 முதல் தண்டர்போல்ட் (அதே சி ஓட்டையில் ஓடும் அதிவேக இணைப்பு) இருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஐபேட் ஒரே ஒரு வெளித் திரையைத்தான் ஏற்கும். இரண்டு மானிட்டர் வசதிக்காக விலை போட்ட பெட்டியில் பாதி வீண். ஆபீஸ் லேப்டாப்புக்கு என்று ஏற்கெனவே வாங்கிய டாக் இருந்தால் டேபையும் அதில் செருகிக்கொள்ளுங்கள், டேபுக்காக மட்டும் வாங்காதீர்கள்.

இப்போது அக்காவின் பிரச்சினைக்கு வருகிறேன். படம் வராத டேபுக்கு இரண்டு வழி உண்டு.

ஒன்று, டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள அடாப்டர். இது டேபின் திரையை ஒரு ஆப் மூலம் படம் பிடித்து, சுருக்கி, சாதாரண யூஎஸ்பி டேட்டாவாக அனுப்பி, அடாப்டருக்குள் மறுபடி விரிக்கிறது. அதனால் ஆல்ட் மோட் தேவையில்லை. ஆண்ட்ராய்டில் மட்டும்தான், ஐபேடில் இதற்கு வழி இல்லை. விலை சாதாரண ஹப்பைவிட அதிகம், டேபின் பேட்டரியும் வேகமாகக் குறையும். காசு கட்டிப் பார்க்கும் ஓடிடி படங்களைத் திரைப்பதிவு என்று நினைத்து ஆப்கள் கறுப்பாக்கிவிடும். டியூஷனுக்கு அது பாதகமில்லைதான். ஆனாலும் அக்காவுக்கு இதை நான் சொல்லவில்லை.

இன்னொன்று, ஒயரே இல்லாமல். அக்காவுக்குச் சொன்னது இதைத்தான். சாம்சங் டேபில் ஸ்மார்ட் வியூ என்று இருப்பது மிராகாஸ்ட் முறை. டேபும் டிவியும் நேரடியாகப் பேசிக்கொள்ளும், வீட்டில் இன்டர்நெட் இல்லாவிட்டாலும் ஓடும். கூகுள் காஸ்ட் என்றால் இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். ஐபேட் மிராகாஸ்ட் பேசாது, ஏர்பிளே வசதி உள்ள டிவியோ ஆப்பிள் டிவி பெட்டியோ வேண்டும்.

வயர்லெஸ் என்றதும் எல்லோரும் சொல்வது "லேட்டா வரும்" என்பதைத்தான். வரத்தான் செய்கிறது, அக்கா ஒரு கோடு இழுத்தால் டிவியில் அது சற்றுப் பிந்தித்தான் தெரிகிறது. ஆனால் ஒரு நாள் வகுப்பு நடக்கும்போது பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். அக்கா டிவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கண் பேனா முனையில். டிவியைப் பார்ப்பது பிள்ளைகள், அவர்களுக்கு அரை நொடி தாமதம் தெரியவே தெரியாது. அவள் வாய் சொல்வதும் டிவி காட்டுவதும் போதுமான அளவு ஒத்துப்போகின்றன. மானிட்டரைப் பார்த்துக்கொண்டே மவுஸை நகர்த்தும் எனக்கு அந்தத் தாமதம் பைத்தியம் பிடிக்க வைக்கும். யார் கண் எந்தத் திரையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒயர் வேண்டுமா வேண்டாமா என்று நான் இப்போது பதில் சொல்கிறேன். கூடவே ஒரு வசதி, டேபைக் கையில் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைப் பையன் பக்கத்தில் போய் நின்று அவன் கையாலேயே கணக்கைப் போட வைக்கிறாள். ஹப்பும் ஆறடிக் கேபிளும் இருந்திருந்தால் அது முடியாது.

ஒரு தொந்தரவு உண்டு. அடுக்குமாடியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாருடைய ரூட்டராவது இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸில் தி.நகர் பனகல் பார்க் சிக்னல் மாதிரி நெரிசல். படம் திக்கித் திக்கி நின்றால் வீட்டு வைஃபையை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். அக்கா வீட்டில் அதற்குப் பிறகு அடிக்கடி நிற்பதில்லை.

சி கேபிள் ஒன்றிலேயே படமும் மின்சாரமும் வாங்கிக்கொள்ளும் 15.6 இன்ச் கையடக்க மானிட்டர்களும் கிடைக்கின்றன. ஊர் ஊராகப் போய் வேலை செய்பவருக்கு நல்லது. அதற்கும் ஆல்ட் மோட் உள்ள டேப் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். டேபின் பேட்டரியே மானிட்டருக்கும் சோறு போட வேண்டும், ஒரு பவர் பேங்க் இல்லாமல் ரொம்ப நேரம் ஓடாது.

அந்த 2,200 ரூபாய் ஹப் இப்போது என் மேசையில். எம்1 ஐபேட் ஏர், முழு எச்டி மானிட்டர், 65 வாட் சார்ஜர். எட்டு போர்ட்டில் நான் தொடுவது மூன்று.

வாங்கப் போகிறவர்களுக்கு, அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கும் தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், முக்கால்வாசி ஷட்டர் இறங்கியிருக்கும். உங்கள் டேபையும் சார்ஜரையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். கடை மானிட்டரில் செருகிக் காட்டச் சொல்லுங்கள், கூடவே ஒரு பென்டிரைவும் சார்ஜரும் சேர்ந்து இருக்கும்போது படம் நிற்கிறதா என்று ஐந்து நிமிடம் பாருங்கள். காட்ட மறுத்தால் அடுத்த கடை பத்தடியில் இருக்கிறது. "பில் வேணும்னா ஜிஎஸ்டி தனி சார்" என்பார்கள், அது 18 சதவீதம். அதைக் கட்டிவிட்டு பில்லை வாங்கிக்கொள்ளுங்கள். பில் இல்லாத ஹப்புக்கு வாரண்டி கேட்டு நான் ஒருமுறை அந்தத் தெருவை இரண்டு சுற்று சுற்றியிருக்கிறேன்.